குமரி மாவட்டச் சாலைகளுக்கு எந்த பிரேக், எந்த கியர்?

தக்கலையில் வசிக்கும் நான், பழைய மிதிவண்டியை மகனிடம் கொடுத்துவிட்டுச் சாலை மிதிவண்டி ஒன்றை வாங்குவது என்று முடிவுசெய்தபோது, என் கைக்கெட்டும் தொலைவில் மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது, என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் விற்க முன்வந்த பழைய வண்டி. அதில் சக்கரத்தின் விளிம்பு வளையத்தையே பற்றி நிறுத்தும் ரிம் பிரேக்கும் ஷிமானோ நிறுவனத்தின் டியாக்ரா 10 ஸ்பீடு (பின்னால் பத்துப் பற்சக்கரங்கள்) கியரும் இருந்தன. மூன்றில் மிக இலேசானதும் அதுதான். இரண்டாவது, கிளாரிஸ் 8 ஸ்பீடு கியரும் சக்கரத்தின் நடுவே உள்ள தட்டைப் பற்றும், கேபிளால் இழுக்கப்படும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட புதிய அலுமினிய வண்டி. மூன்றாவதும் புதியதே, டியாக்ரா 10 ஸ்பீடு கியருடன், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கொண்டது. அதன் விலை மற்ற இரண்டையும்விடக் கணிசமாக அதிகம். மூன்றையும், அல்லது அவற்றுக்கு இணையான நண்பர்களின் வண்டிகளை, நான் வழக்கமாகச் செல்லும் சாலைகளிலேயே ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டில் தெரிந்துகொண்டவற்றை, இதே தேர்வின் முன் நிற்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மிதிவண்டி மதிப்புரைகளில் பெரும்பாலானவை எழுதுபவரின் ஊர்ச் சாலையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆகவே முதலில் நம் சாலைகளைப் பற்றிச் சொல்லிவிடுவது முறை. தக்கலையிலிருந்து வடக்கே குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணைக்குச் செல்லும் சாலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஓயாமல் ஏறியும் இறங்கியும் செல்வது. நீண்ட மலையேற்றம் என்று எதுவும் இல்லாவிட்டாலும், குறுகிய செங்குத்தான ஏற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து காலைச் சோர்வடையச் செய்யும். தெற்கே திங்கள்சந்தையைத் தாண்டி மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, முட்டம், இராஜாக்கமங்கலம் என்று கடலோரமாகச் சென்றால் ஏற்றம் குறைவு. ஆனால் உப்புக்காற்று இரும்பு எதையும் விட்டுவைப்பதில்லை. கிழக்கே நாகர்கோவிலைக் கடந்து தோவாளை, ஆரல்வாய்மொழி என்று போனால் சாலை ஏறக்குறையச் சமதளம்தான். எனினும் முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் அத்தனை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள் என்பதைத் தென்மேற்குப் பருவக் காலத்தில், ஆரல்வாய்மொழியிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பி வரும்போது நம் கால்களே சொல்லிவிடும்.

மழை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழை வரும் இடவப்பாதியில் தொடங்கும் ஈரம், இடையிடையே வெயில் காய்ந்தாலும், மார்கழி வரை சாலையை விட்டு முழுதாக அகல்வதில்லை. மேற்கு வட்டாரங்களின் உட்பகுதிகளில், மர நிழலில் கிடக்கும் கான்கிரீட் சாலைகளில் பாசி படர்ந்திருக்கும். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். காலைப் பனியில் நனைந்த அந்தச் சருகுகள் வளைவுகளில் பாசியைப் போலவே வழுக்கும். எனவே இந்த ஊரில் பிரேக்கைப் பற்றிப் பேசுவது ஈரச்சாலையில் பிரேக்கைப் பற்றிப் பேசுவதே.

வறண்ட சாலையில் ரிம் பிரேக்கைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கட்டைகளைத் தாங்கி ரிம்மை நெருக்கும் நல்ல காலிப்பரும் புதிய பிரேக் கட்டைகளும் இருந்தால் அது எந்த டிஸ்க் பிரேக்குக்கும் ஈடாகவே நிறுத்தும். ஏனென்றால் வறண்ட சாலையில் வண்டியை நிறுத்துவதற்கான எல்லையை வகுப்பது பிரேக்கின் வலிமை அன்று, முன்பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்தால் பின்சக்கரம் மேலெழுந்து வண்டி கவிழும் நிலைதான். நனைந்த சாலையில் கதை வேறு. ரிம்மின் மீது படியும் நீர்ப்படலத்தைக் கட்டை முதலில் துடைத்தாக வேண்டும். அதுவரை பிரேக் பிடிப்பதில்லை. சக்கரம் சில சுற்றுகள் சுற்றிய பிறகே பிடிப்பு வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது, சுமார் 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் அந்த நேரத்தில் ஐந்து முறைக்கும் மேல் சுற்றிவிடுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு வேகத்தைத் தணிக்கும் பிரேக் என்று கொண்டால், அந்த வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 16 மீட்டர் தேவை. துடைப்பதில் ஒரு நொடி வீணானால் அது 27 மீட்டராகிறது. குலசேகரம் பக்கத்து இறக்கங்களில், வளைவு திரும்பியதும் ரப்பர் பால் ஏற்றிய வண்டி எதிரே நிற்பது புதிதல்ல. அந்த 11 மீட்டர் அங்கே ஏட்டுக் கணக்காக இருப்பதில்லை.

இதற்கு ஒரு மாற்று உண்டு. இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே இறங்குவது. பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டினேன். பழகியவர்களுக்கு அது போதும். ஆனால் மழைநீரோடு வரும் செம்மண் துகள் கட்டைகளில் புதைந்து ரிம்மை அரம்போல அராவுகிறது என்பதற்கு மாற்று இல்லை. ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் கட்டைகளைக் கழற்றி, அவற்றில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியச் சில்லுகளையும் ஊசியால் குத்தி எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ரிம் பிரேக்கில் சக்கரமே தேய்பொருள் என்பதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

டிஸ்க் பிரேக்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, தொழில்முறைப் போட்டியாளர்களே வெகுகாலம் அதை ஏற்கவில்லையே என்று ஒருவர் கேட்பார். உண்மைதான், சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை உலக மிதிவண்டிக் கூட்டமைப்பு முறையாக அனுமதித்தது 2018 ஜூலையில்தான். ஆனால் டூர் டி பிரான்ஸ் போட்டியில் செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் டிரெய்லர் (derailleur) என்னும் கருவிக்கே 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சாதாரணப் பயணிகள் அதை வைத்து மலையேறிக்கொண்டிருந்தார்கள். போட்டியாளருக்குப் பின்னால் உதிரிச் சக்கரத்தோடு ஒரு கார் வரும். நமக்குப் பின்னால் வருவது அரசுப் பேருந்து. அவர்களுடைய தேர்வை நம் தேர்வுக்கு அளவுகோலாக்க வேண்டியதில்லை.

கேபிள் டிஸ்க் பிரேக்கை நான் முதலில் பெரிதும் விரும்பினேன். அதன் வாதம் எளிமையானது: டிஸ்க்கின் ஈரப்பிடிப்பும் கிடைக்கும், பிரேக் வயர் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஓட்டிப் பார்த்தபோது அந்த வாதத்தின் முதல் பாதி பெரிதும் உண்மையாகவே இருந்தது. மழை நின்ற சிறிது நேரத்தில் பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் நோக்கி இறங்கியபோது, பிடித்த கணத்திலேயே பிரேக் பிடித்தது. ஆனால் விலை குறைந்த கேபிள் டிஸ்க்குகளில், தட்டைப் பற்றும் இரு பேட்களில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும். அது டிஸ்க் தட்டை வளைத்து மறுபக்கப் பேடின் மீது அழுத்துகிறது. பேட்கள் தேயத் தேய, இரண்டு பக்கத்தையும் நாமே கையால் நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். நெருக்காவிட்டால், ஒரு நாள் நெடிய இறக்கத்தில் பிரேக் கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிடும். மழைக்காலத்தில் மண் கலந்த சாலைகளில் ஓட்டும்போது இந்த நெருக்கல் அடிக்கடி தேவைப்பட்டது. மேலும், நம் கடலோரக் காற்றில் வயரும் அதன் உறையின் உட்புறமும் துருப்பிடித்து இழுவை கனத்துவிடுகிறது. முட்டம் பக்கம் வசிக்கும் நண்பரின் வண்டியில் பின்பிரேக்கைப் பிடிக்க முழுக்கையின் வலிமையும் தேவைப்பட்டதைக் கண்டேன்; வயரையும் உறையையும் மாற்றியதும் அது புதியதுபோல் ஆனது. துருப்பிடிக்காத எஃகு வயர் சற்று விலை கூடினாலும் கடலோரத்தில் இருப்பவர்கள் வேறு எதையும் போடக் கூடாது.

ஹைட்ராலிக் பிரேக்கைப் பற்றி எனக்கு இருந்த தயக்கம், பழுதானால் யார் சரிசெய்வது என்பதே. மார்த்தாண்டத்தில் நான் வழக்கமாகச் செல்லும் மெக்கானிக் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “சாரே, வயருன்னா எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்க. இந்த எண்ணெ பிரேக்க நான் தொடமாட்டேன்.” நியாயமான பதில். ஆனால் நிதானமாக எண்ணிப் பார்த்தபோது, அவரிடம் நான் எத்தனையோ முறை போனதெல்லாம் பெரும்பாலும் வயரும் உறையும் சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான் என்பது நினைவுக்கு வந்தது. ஹைட்ராலிக்கில் எண்ணெய்க் குழாய் மூடப்பட்ட ஒன்று. உப்புக்காற்றோ செம்மண்ணோ அதனுள் நுழைய வழியில்லை. பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே அந்த அளவுக்கு முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது. சிக்கலானது என்று பெயர்பெற்ற அமைப்புதான் நம் தட்பவெப்பத்தில் அன்றாடக் கவனிப்பைக் குறைவாகக் கேட்கிறது. எளிமையானது என்று பெயர்பெற்றது ஓயாமல் கேட்கிறது. கையின் களைப்பிலும் வேறுபாடு தெரிந்தது: இரண்டு விரல்களால் தொட்டாலே போதுமானதாக இருப்பதால், தொடர் இறக்கங்களுக்குப் பிறகு விரல்கள் மரத்துப்போவதில்லை.

ஆனால் ஹைட்ராலிக் வாங்குபவர் சில வேலைகளைத் தாமே கற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது, எண்ணெயின் வகை. ஷிமானோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் சாலை மிதிவண்டி பிரேக்குகள், மோட்டார் சைக்கிள்களில் ஊற்றப்படும் டாட் வகைத் திரவத்தில் இயங்குகின்றன. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் முழுவதும் பயனற்றுப்போகும். டாட் திரவம் எந்த இருசக்கர வாகன உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது என்பது அதன் நன்மை. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, நம்முடையதைப் போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுவது நல்லது. சட்டகத்தின் வண்ணப்பூச்சில் சிந்தினால் பூச்சையும் அரிக்கும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. கடையில் தேடி அலைவதைவிட, வண்டி வாங்கும்போதே ஒரு சிறு புட்டியும் காற்றை வெளியேற்றும் சிரிஞ்சுத் தொகுதியும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். அந்த வேலை கடினமானது அன்று. பொறுமையும் பழைய துணியும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

இரண்டாவது, பஞ்சர் கடை. நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவதே வழக்கம். ஹைட்ராலிக் வண்டியில், கைப்பிடியிலுள்ள எண்ணெய்க் கலத்தில் சிறிது காற்று இருந்தால்கூட, கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் சென்று பிரேக்கைத் தொளதொளப்பாக்கிவிடும். அதைவிட ஆபத்து, சக்கரம் கழன்றிருக்கும்போது யாராவது பிரேக் கைப்பிடியைப் பிடித்துப் பார்ப்பது. நடுவில் தட்டு இல்லாததால் பேட்கள் ஒன்றையொன்று நெருங்கி, பிறகு தட்டு நுழைய இடமின்றிப் போகும். அப்படி ஆனால், டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் பேட்களை மெல்லப் பின்னுக்குத் தள்ளலாம். திருப்புளியைப் பயன்படுத்தக் கூடாது. ரயிலில் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுசெல்பவர்கள், புதிய வண்டியோடு வரும் பிளாஸ்டிக் துண்டைத் தூக்கியெறியாமல் பேட்களுக்கு நடுவே செருகி வைக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க்கறை. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. செயினுக்கே அது ஏற்றதன்று, ஓடும்போது தெறித்து டிஸ்க் தட்டில் படிந்தால் பேட் அதை உறிஞ்சிக்கொண்டு அலறத் தொடங்கும், பிடிப்பும் போய்விடும். ஸ்பிரே வடிவிலான எந்த எண்ணெயையும் டிஸ்க் வண்டியின் அருகில் அடிக்கக் கூடாது. தட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பேட்களில் ரெசின் வகை ஓசை குறைந்தது, ஈர மண்ணில் விரைவாகத் தேய்வது. உலோகத் துகள் வகை நெடுநாள் உழைப்பது. நம் மழைக்கு இரண்டாவதே சிறந்தது என்றாலும், விலை குறைந்த சில தட்டுகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஷிமானோ தட்டின் கனம் புதிதாக இருக்கும்போது 1.8 மில்லிமீட்டர், 1.5க்குத் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, டிஸ்க் பக்கம் என்னைச் சாய வைத்தது பிரேக்கின் பிடிப்பு மட்டும் அன்று. டயருக்கு அது விடும் இடம்தான். பழைய ரிம் பிரேக் காலிப்பருக்குள் 25 மில்லிமீட்டர் டயர் நுழையும், சிலவற்றில் 28 நுழையும். அதற்கு மேல் இல்லை. டிஸ்க் வண்டியில் டயருக்கு மேலே காலிப்பரே இல்லாததால் 32 மில்லிமீட்டர் டயர் தாராளமாக நுழைகிறது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடப்பட்ட சாலைகளிலும், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே மழை அரித்த விளிம்புகளிலும், அகன்ற டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுவது எலும்புக்கு இதம் என்பதோடு, பாசியிலும் சருகிலும் பிடிப்பையும் தருகிறது. எவ்வளவு வலிமையான பிரேக்கானாலும் வண்டியை நிறுத்துவது இறுதியில் டயர்தானே. மெல்லிய டயர் போட்ட டிஸ்க் வண்டியை வாங்குபவர், கொடுத்த பணத்தில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார் என்பது என் கருத்து.

இனி கியர். கடைக்காரர்கள் எத்தனை ஸ்பீடு என்பதையும் எந்த வகை என்பதையும்தான் முதலில் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்துக்கு எத்தனை பல், பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்துக்கு எத்தனை பல்? மூன்று வண்டிகளிலும் முன்னால் 50, 34 பற்கள். பின்னால் பழைய வண்டியில் அதிகபட்சம் 28, கிளாரிஸ் வண்டியில் 32, ஹைட்ராலிக் வண்டியில் 34. ஒருமுறை பெடலைச் சுற்றினால் முதல் வண்டி ஏறக்குறைய 2.55 மீட்டரும், மூன்றாவது 2.1 மீட்டரும் நகரும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் 8 விழுக்காடு, நிமிடத்துக்கு 60 சுற்று என்று கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். 34க்கு 28 என்ற கியரில் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போயாக வேண்டும். அதற்குச் சுமார் 180 வாட் தேவை. 34க்கு 34 என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர், சுமார் 150 வாட். இந்த 30 வாட் வேறுபாடு இளைஞர்களுக்குப் பொருட்டில்லாமல் இருக்கலாம். நாற்பதைத் தாண்டிய, வாரம் முழுவதும் வகுப்பறையில் நிற்கும் எனக்கு அது கீரிப்பாறைக்கு அப்பாலுள்ள தோட்டச் சாலைகளில் மிதித்துச் செல்வதா, இறங்கித் தள்ளுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பழைய வண்டிக்குப் பெரிய கேசட்டை, அதாவது பின் பற்சக்கரத் தொகுதியை, மட்டும் மாற்றிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலிருந்தது, செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக உள்ள டிரெய்லர். 28 பல் வரைதான் அது தாங்கும். எனவே நீளக் கூண்டுள்ள டிரெய்லர், கேசட், செயின் மூன்றையும் மாற்ற வேண்டும். டியாக்ராவின் இந்தத் தலைமுறைக்கு வயர் இழுவை அளவு பழைய 10 ஸ்பீடு பாகங்களோடு ஒத்துப்போகாதாகையால், கிடைத்த டிரெய்லரை மாட்டிவிடவும் முடியாது. மலிவாகத் தோன்றிய வண்டி அங்கே மலிவாக இல்லாமல் போனது.

பற்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. அது ஏற்றத்தில் அன்று, ஆரல்வாய்மொழிக் காற்றில்தான் தெரிகிறது. பரவலாகக் கிடைக்கும் 11–32 வகை 8 ஸ்பீடு கேசட்டில் 15க்கு அடுத்தது 18. எதிர்காற்று வலுத்து ஒரு கியர் இறக்கினால், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 75 சுற்றாக இருந்த மிதி 90 ஆக எகிறும். காலுக்கு ஒத்துவரும் தாளம் அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். 15க்கு அடுத்து 17 வரும் கேசட்டில் அது 85தான். தோவாளையிலிருந்து நாகர்கோவில் வரை காற்றை எதிர்த்து வரும்போது இந்தச் சிறு வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்தேன். ஆனால் 10க்கும் 11க்கும், 11க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டை என்னால் உணர முடியவில்லை. ஸ்பீடு கூடக் கூடச் செயின் மெலிகிறது, கேசட்டின் விலை ஏறுகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. முன்னால் ஒரே பற்சக்கரம் மட்டும் உள்ள வண்டிகள் சகதிச் சாலைக்கு ஏற்றவை. நம் சாலைகளில் கியருக்கும் கியருக்கும் உள்ள இடைவெளிகள் பெரிதாகிவிடும். மின்கியர்கள் அருமையாக இயங்குகின்றன. ஆனால் அவற்றின் பாகம் ஒன்று கெட்டால் அதற்காகத் திருவனந்தபுரமோ அதற்கப்பாலோ செல்ல நேரும் என்பதால் அவற்றை நான் பரிசீலிக்கவே இல்லை.

கியர் வயரைப் பற்றி ஒன்று. ஹேண்டில்பார் துணிக்கு அடியில் வயர் மறைந்து செல்லும் வகைகளில், கியர் மாற்றும் ஷிஃப்டருக்குள்ளேயே வயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நாள் முழுவதுமாக அறுந்துவிடும். பின்கியர் தயங்கித் தயங்கி மாறத் தொடங்கினால் டிரெய்லரைத் திருகிக்கொண்டிருக்காமல் முதலில் ஷிஃப்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும், அந்த வயரை மாற்றிவிடுவது மலிவான காப்பீடு.

இறுதியில் நான் மூன்றாவது வண்டியையே வாங்கினேன். அதன் விலையைக் கேட்டு வீட்டில் எழுந்த விவாதத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. கடையிலிருந்து எடுத்துவரும் முன் சில பொருட்களைச் சரிபார்த்தேன். நம் நாட்டுச் சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்குரியது. வெளிநாட்டுச் சந்தைக்கென இணைக்கப்பட்டு வரும் வண்டிகளில் அது இடக்கையில் இருக்கலாம். கேபிள் வண்டியில் இதை எளிதாக மாற்றிவிடலாம்; ஹைட்ராலிக்கில் குழாயைக் கழற்றிக் காற்றை வெளியேற்றும் வேலை சேர்ந்துவிடும் என்பதால் அதைக் கடையிலேயே செய்யச் சொல்லிவிட வேண்டும். புதிய பேட்களுக்கு முழுப் பிடிப்பு உடனே வராது. போக்குவரத்து இல்லாத சாலையில் நல்ல வேகத்திலிருந்து நிதானமாகத் தணித்து, முற்றிலும் நிற்காமல், இருபது முப்பது முறை செய்தால்தான் தட்டில் பேடின் பொருள் சீராகப் படியும். டிரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு அலுமினியத் துண்டு, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும்; ஒவ்வொரு சட்டகத்துக்கும் அது தனி வடிவம் என்பதால், உதிரியாக ஒன்றை அன்றே வாங்கிவிட்டேன். கேபிள் பிரேக் வண்டி வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பிரேக் வயரின் உறையும் கியர் வயரின் உறையும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் வேறானவை. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும். அதைப் பிரேக்குக்குப் போட்டால், வலுவாகப் பிடிக்கும் தருணத்தில் அது பிளந்துவிடலாம்.

நான் விட்ட ரிம் பிரேக் வண்டியைச் சுசீந்திரத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு நானே பரிந்துரைத்தேன். அவர் விடியற்காலையில் புறப்பட்டுக் கொட்டாரம், கன்னியாகுமரி, வட்டக்கோட்டை என்று சமதளத்தில் ஓட்டிவிட்டு வெயில் ஏறும் முன் வீடு திரும்புபவர். மழை தூறினால் வண்டியைத் தொடுவதில்லை. அவருக்கு 28 பல் போதும், அந்த வண்டியின் இலேசான எடை அவருக்குத்தான் முழுமையாகப் பயன்படும். வாங்கும் முன் இருவரும் சேர்ந்து பார்த்தோம். ரிம்மின் பக்கவாட்டில் தேய்மானத்தைக் காட்டும் சிறு குழி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு அடி ஸ்கேலைச் செயினின் மேல் வைத்து அளந்தோம்; புதிய செயினில் 12 அங்குலத்துக்குள் ஆணிக்கு ஆணி மிகச் சரியாகப் பொருந்த வேண்டும், இதில் பதினாறில் ஒரு அங்குலத்துக்கும் மேலாக நீண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் புதிய செயினுக்கான தொகையை விலையில் குறைத்துக்கொண்டார். 28 மில்லிமீட்டர் டயர் போட இடமிருக்கிறதா என்றும் பார்த்தோம். காலிப்பருக்கு அடியில் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளிகூட மிஞ்சவில்லை. ஆகவே 25லேயே ஓட்டுகிறார்.